14 வருடப் பழைய பிரெயில் நோட்டேக்கர்: பேட்டரி, எழாத புள்ளி, வராத மெயில்

தேன்மொழி32

வணக்கம். என்னிடம் 32 செல் (ஒரு பிரெயில் எழுத்தின் புள்ளிகள் எழும் இடம்தான் செல்) உள்ள பிரெயில் நோட்டேக்கர், அதாவது பிரெயிலில் எழுதவும் விரலால் படிக்கவும் ஆன கைக்கருவி ஒன்று இருக்கிறது. சின்னக் கருவிகளுக்கான பழைய விண்டோஸ் சிஇ-யில் ஓடுவது. கைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. நான் பள்ளி ஆசிரியை. பாடக் குறிப்பு, மதிப்பெண், கூட்டக் குறிப்பு எல்லாம் இன்றுவரை இதில்தான். இப்போது ஒரே சமயத்தில் பல தொல்லைகள்.

முழுதாகச் சார்ஜ் போட்டாலும் பேட்டரி 40 நிமிடம்தான் நிற்கிறது. ஒன்பதாவது செல்லில் 3-ஆம் புள்ளி எழுவதே இல்லை. அந்த இடத்தில் 'ம' வந்தால் எனக்கு 'ச' ஆகிவிடுகிறது. 'மரம்' என்று எழுதி வைத்ததை வகுப்பில் 'சரம்' என்று வாசித்தேன். அப்புறம், 23-ஆவது செல்லில் இருந்து கடைசி வரை சில நேரம் மொத்தமாக உறைந்து நின்றுவிடும். வலது ஓரத்தை லேசாக அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். மெயில் வருவது நின்று இரண்டு வருடம் ஆயிற்று. சமீபத்தில் வீட்டில் ரவுட்டர் மாற்றியதில் இருந்து வைஃபையும் இல்லை.

சர்வீஸுக்கு எழுதிக் கேட்டேன். இந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடையாது, புதியது வாங்குங்கள் என்று ஒரு வரியில் பதில் வந்தது. புதியது வாங்கும் நிலையில் நான் இப்போது இல்லை. உள்ளே 11 வருடப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்_வாசகன்

அக்கா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு காலத்தில் நோட்டேக்கர் வைத்திருந்தவன்தான். இப்போது போனும் ஒரு புளூடூத் கீபோர்டும் போதுமாக இருக்கிறது. மெயில், வங்கி, புத்தகம் எல்லாம் பேச்சிலேயே நடக்கிறது. 14 வருடம் உழைத்த கருவிக்கு இன்னும் நேரத்தையும் பணத்தையும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? குறிப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துவிடலாமே.

விரல்வழி

கதிர் தம்பி, உங்களுக்குப் பேச்சு போதும். எனக்குப் பார்வையோடு காதும் இல்லை. திரையில் இருப்பது எனக்கு வந்து சேர பிரெயில் ஒன்றே வழி. என் நோட்டேக்கர் தேன்மொழியுடையதைவிடப் பழையது. 18 செல்தான். மருத்துவர் எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்வதை நான் விரலால் படித்துப் பதில் சொல்வது அதில்தான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அவரவர் விரலையும் காதையும் பொறுத்தது. காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஒரு பெயரின் எழுத்துக்கூட்டு, குறில் நெடில் வித்தியாசம், கணக்கில் ஒரு அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்பதெல்லாம் பேச்சில் நழுவிப் போகும். ஆசிரியைக்கு அது நழுவக் கூடாது.

தேன்மொழி, உங்கள் கருவியில் இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. பழுதுமேசை ஐயா வரட்டும்.

பழுதுமேசை

வந்துவிட்டேன் அம்மா. பிரெயில் டிஸ்ப்ளேக்களைத் திறந்து பார்த்துச் சரிசெய்வது என் வேலை. நீங்கள் எழுதியதை வைத்தே பாதி சொல்ல முடிகிறது.

முதலில் எதையும் தொடாதீர்கள், ரீசெட்டும் போடாதீர்கள். இன்று இரவே சார்ஜரில் செருகி வைத்துக்கொண்டு எல்லாக் கோப்புகளையும் எஸ்டி கார்டுக்கு நகல் எடுங்கள். பழைய கருவிகளில் ரீசெட் இரண்டு வகை. ஒன்று நிரலை மட்டும் மறுபடி தொடங்கும், மற்றொன்று அமைப்புகளையும் சேர்த்து அழித்துவிடும். பொத்தானை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம், கூட எந்தச் சாவியை அழுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம். குழப்பத்தில் தவறானதைச் செய்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. 1980களின் பிரெயில் அண்ட் ஸ்பீக் காலத்துக் கருவிகளில் இன்னும் மோசம். அவற்றில் கோப்புகளே பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கும். பேட்டரி செத்தால் எழுதியதும் போய்விடும். உங்களுடையதில் உள்ளே நிரந்தர நினைவகம் இருக்கும், அந்தப் பயம் இல்லை. ஆனாலும் 14 வருட மெமரியை நம்பி ஒரே ஒரு நகலை வைத்திருக்கக் கூடாது.

கார்டு பற்றி ஒரு வார்த்தை. எஸ்டிஎச்சி என்ற தரம் 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வடிவமைப்புள்ள கருவி 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அடையாளமே காணாது. உங்களுடையது 32 ஜிபி வரை எடுக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள், பெரிய கார்டுகள் பழைய கருவி படிக்காத எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வரும். ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த சின்னக் கார்டு போதும். பிரெயில் கோப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும்!

அடுத்து பேட்டரி. லித்தியம் அயான் சும்மா வைத்திருந்தாலும் வயதாகும். முழுச் சார்ஜிலேயே எப்போதும் செருகி வைத்திருந்தாலும் சூட்டில் வைத்திருந்தாலும் இன்னும் சீக்கிரம். அதனால் "திறக்காத புது பேட்டரி" என்று யாராவது பத்து வருடமாகக் கிடங்கில் கிடந்ததை விற்றால் வாங்க வேண்டாம், அதற்கும் அதே வயதுதான். பேட்டரி பேக்கைப் பிரித்து உள்ளே இருக்கும் மின்செல்களை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் நல்ல வழி. வோல்டேஜ் அதே அளவு இருக்க வேண்டும், பாதுகாப்புச் சர்க்கியூட் அப்படியே இருக்க வேண்டும், இரண்டு வயருக்கு மேல் இருந்தால் மூன்றாவது வெப்பத்தை அளப்பதாக இருக்கலாம், அதையும் விடாமல் இணைக்க வேண்டும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஸ்பாட் வெல்டிங் செய்கிறவரைத் தேடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது உப்பியிருந்தால் அன்றோடு அதை வெளியே எடுத்துவிடுங்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம்.

இனி பிரெயில் செல்கள். உறையும் பத்து செல்களும் கெட்டுப்போகவில்லை என்பது என் கணிப்பு. பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் செல்கள் சங்கிலி போலக் கோர்த்திருக்கும். எந்தப் புள்ளி எழ வேண்டும் என்ற தகவல் முதல் செல்லுக்குள் போய், அங்கிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று கைமாறிப் போகும். நடுவில் ஒன்று தகவலைக் கைமாற்றத் தவறினால் அதற்கப்புறம் உள்ள எல்லாமே நின்றுவிடும். ஓரத்தை அழுத்தினால் உயிர் வருகிறது என்றால் 22, 23-க்கு இடையில் இணைப்பூசி ஒன்று அழுக்கேறியோ தளர்ந்தோ இருக்கிறது. கழற்றித் துடைத்து மறுபடி செருகினாலே பல சமயம் சரியாகும்.

3-ஆம் புள்ளி வேறு கதை. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பீசோ மின்தகடு ஒன்று உண்டு. ஏறத்தாழ 200 வோல்ட் கொடுத்தால் அது வளைந்து புள்ளியின் ஊசியை மேலே தள்ளும். தள்ளும் விசை மிகக் குறைவு. விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் ஊசியைச் சுற்றிப் படிந்துவிட்டால் அந்த விசை போதாது. தகடே உடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எது என்று தெரிய ஒரு சோதனை செய்யுங்கள். பிஆர்எஃப், அதாவது பிரெயில் புள்ளிகளையே சேமிக்கும் கோப்பு ஒன்றில் முதல் வரி முழுக்க சமக்குறி, 32 தடவை. ஒவ்வொரு புள்ளிச் சேர்க்கைக்கும் ஒரு விசைப்பலகைக் குறி தரும் பிரெயில் ஆஸ்கி முறையில் சமக்குறி என்றால் ஆறு புள்ளியும். அடுத்த வரி முழுக்க ஆங்கிலச் சிறிய ஏ, அதாவது 1-ஆம் புள்ளி மட்டும். இந்த இரண்டையும் மாறி மாறி ஐம்பது வரி எழுதி, கட்டைவிரல் சாவியால் மேலும் கீழும் ஓட்டுங்கள். விரலை மேலே லேசாக வைத்திருங்கள். 3-ஆம் புள்ளி கொஞ்சமாவது துடித்தால் அழுக்கு. அசைவே இல்லை என்றால் தகடு.

தேன்மொழி32

ஐயா, கோப்பு எழுதி ஓட்டிப் பார்த்தேன். இருபது தடவைக்கு ஒரு தடவை பாதி உயரம் எழுகிறது! வேறு இரண்டு செல்களிலும் 6-ஆம் புள்ளி கொஞ்சம் மந்தம் என்று இப்போதுதான் தெரிந்தது. எதை வைத்துச் சுத்தம் செய்வது?

பழுதுமேசை

நல்ல செய்தி. பஞ்சிழை விடாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளிகள். துணி ஈரம் தெரியாத அளவுக்கு. எல்லாப் புள்ளியும் எழுந்து நிற்கும் வரியில் கருவியை வைத்துக்கொண்டு மேலாகத் துடையுங்கள்.

ஆறுபுள்ளி

இதில் ஐயாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் ஆல்கஹாலில் துடைக்கப் போய், மேலே இருந்த அழுக்கு கரைந்து ஊசித் துளைக்குள் இறங்கிவிட்டது. அதுவரை நன்றாக இருந்த இரண்டு புள்ளிகள் நின்றுபோயின. துணியில் ஈரம் எவ்வளவு என்று கையால் தெரிவதில்லை. என் வழி: முதலில் மென்மையான உலர்ந்த பிரஷ், கருவியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. அப்புறம் அந்தச் சோதனைக் கோப்பைத் தினமும் பத்து நிமிடம் ஓட்டுவது. பல புள்ளிகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் மட்டும் ஆல்கஹால், அதுவும் அந்த ஒரு செல்லுக்கு.

பழுதுமேசை

ஒத்துக்கொள்கிறேன். நான் மேசையில் ஊசித் தொப்பியைக் கழற்றிக் கழுவிப் பழகியவன், அதனால் துடைப்பதைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் செய்ய உங்கள் வரிசைதான் சரி. அதைவிட முக்கியமாக, படிக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். ஈரம் முழுதாகக் காயட்டும். கை கிரீம் பூசிய விரலோடு படிப்பதுதான் நான் பார்த்தவற்றில் பெரிய எதிரி.

ஆறுபுள்ளி

இனி பயன்பாடு பற்றி. எனக்கு இந்த விஷயத்தில் திடமான கருத்து உண்டு. பழைய நோட்டேக்கரை முழுக் கணினியாக நடத்துவதுதான் நம்மைச் சோர்வாக்குகிறது. அதில் இன்று வரை பழுதாகாத இரண்டு விஷயங்கள் உண்டு: ஒன்று அதன் சாவிகள், மற்றது அதன் பிரெயில் வரி. மெயிலையும் உலாவியையும் வேறு கருவி பார்த்துக்கொள்ளட்டும். எழுதுவது, படிப்பது இரண்டையும் இதனிடம் விடுங்கள்.

டெர்மினல் பயன்முறை என்று ஒன்று பெரும்பாலான நோட்டேக்கர்களில் உண்டு. அதைத் திறந்தால் கருவி தன் வேலையை விட்டுவிட்டு கணினியின் பிரெயில் டிஸ்ப்ளே ஆகிவிடும். விண்டோஸ் திரைவாசிப்பான் என்விடிஏ-யில் பிரெயில்நோட் எம்பவர், ஏபெக்ஸ், பிரெயில் சென்ஸ், பேக் மேட் என்ற நோட்டேக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஆதரவு இருக்கிறது. பழைய பிரெயில்நோட் கிளாசிக்கை சீரியல் கேபிளில் இணைத்தாலும் எடுத்துக்கொள்ளும். முதலில் கருவியில் டெர்மினலைத் திறந்து யுஎஸ்பியா புளூடூத்தா என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் கணினியில் என்விடிஏ விசையோடு கன்ட்ரோல், ஏ அழுத்தினால் டிஸ்ப்ளே தேர்ந்தெடுக்கும் இடம் வரும். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல் மாடலையும் போர்ட்டையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் என்றால் பிரெயில் டிஸ்ப்ளேயை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் இருக்கிறது, 1995-இல் தொடங்கிய திட்டம். பிரெயில் லைட் போன்ற மிகப் பழையவற்றைக்கூட அது கைவிடவில்லை. தயாரித்தவர்கள் மறந்துவிட்ட கருவிக்கு இப்படி முகம் தெரியாத யாரோ நிரல் எழுதி வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

குறிப்புகள் பற்றியும் ஒன்று. நகல் எடுப்பது மட்டும் போதாது தேன்மொழி அக்கா. கருவியின் சொந்த வடிவத்தில் இருக்கும் கோப்பை நாளை வேறு எதுவும் திறக்காமல் போகலாம். கருவி உயிரோடு இருக்கும்போதே, அதன் உள்ளேயே 'வேறு வடிவத்தில் சேமி' கொடுத்து பிஆர்எஃப் அல்லது சாதாரண டெக்ஸ்டாக மாற்றி வையுங்கள். பதினொரு வருடக் கோப்புகள் என்றால் சலிப்பான வேலைதான். ஆண்டு வாரியாகத் தினம் கொஞ்சம் செய்தால் முடிந்துவிடும்.

கதிர்_வாசகன்

ஆறுபுள்ளி சொன்னதைப் படித்துவிட்டு, அலமாரியில் கிடந்த என்னுடையதை எடுத்து யுஎஸ்பியில் செருகிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கணினித் திரை விரலுக்கு வந்துவிட்டது. ஓய்வு கொடுக்கச் சொன்னது அவசரம் என்று இப்போது நினைக்கிறேன். பேச்சிலேயே இத்தனை வருடம் படித்ததில் என் எழுத்துக்கூட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது ஒரு பத்தி படித்ததிலேயே தெரிந்தது.

ஒரு சந்தேகம். தமிழ் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் அட்டவணை என் கருவியில் கிடையாது. டெர்மினலில் இருக்கும்போது தமிழ் வருகிறது, தனியாக இருக்கும்போது தமிழ்ப் புத்தகம் படிக்க வழி உண்டா?

ஆறுபுள்ளி

உண்டு, அருமையான வழி. பிஆர்எஃப் கோப்பில் இருப்பது எழுத்து அல்ல, புள்ளிகள். எந்த மொழி என்று கருவிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. டெர்மினலில் தமிழ் வருவதும் மொழிபெயர்ப்பைக் கணினி செய்வதால்தான். அதனால் புத்தகத்தையும் கணினியிலேயே பிரெயிலாக்கி விடுங்கள். லிப்லூயி என்ற திறந்த மென்பொருளில் தமிழ் அட்டவணை இருக்கிறது. வரி நீளத்தை 40 என்று விடாமல் உங்கள் கருவியின் செல் எண்ணிக்கைக்கு அமையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் ஒரு துண்டு தொங்கும். கார்டில் போட்டு, மொழிபெயர்ப்பு வேண்டாம் என்ற அமைப்பில் திறந்தால் தமிழ் பிரெயில் அப்படியே வரும்.

எதிர்த்திசையிலும் இதே வழிதான். ஆறு புள்ளியில் தமிழை எழுதி பிஆர்எஃப்-ஆகச் சேமித்துவிட்டு, கணினியில் திரும்ப எழுத்தாக்கலாம். அதில் பிழைகள் வரும், ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும்.

நிலவன்_பை

மெயிலைக் கைவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வதால் நான் எழுதுகிறேன். ஏன் நின்றது என்று முதலில் புரிந்துகொள்ளலாம். விண்டோஸ் சிஇ காலத்துக் கருவி பேசுவது, இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0 பதிப்பு. 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன, மெயில் சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றுக்குக் கதவை மூடிவிட்டன. அது போதாதென்று 2022 மே 30-இல் இருந்து ஜிமெயில் வெறும் கடவுச்சொல்லோடு வரும் பழைய செயலிகளையும் நிறுத்திவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டும்.

வைஃபைக்குக் காரணம் வேறு. புது ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபைப் பாதுகாப்பு முறையில் அமைந்திருக்கும், பழைய கருவிக்கு அது தெரியாது. விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2 பாதுகாப்போடு உருவாக்கிக் கொடுங்கள், கருவி சேர்ந்துவிடும். கடிகாரத்தையும் பாருங்கள் அக்கா. உள்ளே தேதியைக் காக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் தேதி பின்னுக்குப் போகும். தேதி தவறாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று பாதுகாப்பு இணைப்பே மறுக்கப்படும்.

மெயிலுக்கு நான் செய்தது: வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி, அதில் இணைப்பைப் பூட்டித் தரும் எஸ்டன்னல் மென்பொருள். நோட்டேக்கர் வீட்டுக்குள் பையோடு பேசும். பை வெளியே சர்வரோடு புதிய டிஎல்எஸ்ஸில் பேசும். மூன்று வருடமாக ஓடுகிறது.

ஆறுபுள்ளி

நிலவன், வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நோட்டேக்கருக்கும் பைக்கும் நடுவில் கடவுச்சொல் பூட்டில்லாமல் போகிறது. விருந்தினர் நெட்வொர்க்கில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மாணவர்களைப் பற்றிய மெயில்கள் வரும் பெட்டிக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

நிலவன்_பை

அது நியாயம். என்னுடையதில் அந்த நெட்வொர்க்கில் இரண்டே கருவிகள்தான், இந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் ஒரு தனி மெயில் முகவரி. பள்ளி மெயிலுக்கு டெர்மினல்தான் நல்லது.

தேன்மொழி32

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

கோப்புகளை மாற்றி முடிக்கவே மூன்று வாரம். இரண்டு கோப்புகள் கருவியிலேயே திறக்கவில்லை. ஒன்று 2016-ஆம் ஆண்டு வினாத்தாள் தொகுப்பு, அது போய்விட்டது. வருத்தம்தான். மற்ற எல்லாம் இப்போது பிஆர்எஃப்-இல், கார்டில் ஒன்று, கணினியில் ஒன்று.

பேட்டரி பேக்கில் புதுச் செல்கள் போட்டாயிற்று. மூன்றாவது வயரை விட்டுவிடக் கூடாது என்று நான் சொன்னபோது செய்தவர் ஆச்சரியப்பட்டார். ஒரு முழுப் பள்ளி நாள் தாங்குகிறது. 6-ஆம் புள்ளிகள் இரண்டும் பிரஷ்ஷும் சோதனைக் கோப்புமாகவே சரியாகிவிட்டன. ஒன்பதாவது செல்லின் 3-ஆம் புள்ளி மட்டும் ஆல்கஹாலுக்குப் பிறகும் காலையில் மந்தமாகவே இருந்தது. டிஸ்ப்ளே வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். பழுதுமேசை ஐயா கணித்ததுபோல 22-க்கும் 23-க்கும் நடுவில் இணைப்பூசிதான் கறுத்திருந்தது. அதைத் துடைத்தபோது, ஒன்பதாவது செல்லையும் 32-ஆவதையும் இடம் மாற்றிவிட்டார். வரியின் கடைசியில் அந்தச் செல்லுக்கு வேலை குறைவு, அங்கே புள்ளி தாமதித்தாலும் படிப்பு தடைபடவில்லை.

என்விடிஏ-யோடு யுஎஸ்பியில் உறுதியாக நிற்கிறது. புளூடூத்தில் அவ்வப்போது அறுந்து போகிறது, அதை விட்டுவிட்டேன். பள்ளி மெயிலை டெர்மினல் வழியாகப் பிரெயிலில் படிக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பேட்டரி அளவு 30 சதவீதம் என்று சொல்கிறது, அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. செல்கள் சரியில்லையா?

பழுதுமேசை

செல்கள் நன்றாக இருக்கின்றன அம்மா. பேக்கில் அளவைக் கணக்கிடும் சில்லு பழைய செல்களின் கொள்ளளவையே இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு தடவை முழுச் சார்ஜ் ஏற்றி, தானாக அணையும் வரை பயன்படுத்தி, மறுபடி இடையில் கழற்றாமல் முழுதாக ஏற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே கணக்கு நேராகிவிடும், இல்லாவிட்டால் இன்னொரு தடவை செய்து பாருங்கள். அதற்கப்புறம் இப்படிக் காலியாக்கும் பழக்கம் வேண்டாம். விடுமுறையில் நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

விரல்வழி

தேன்மொழி, அந்தச் சோதனைக் கோப்பை எனக்கும் அனுப்புங்கள். 18 செல்லுக்கு நானே சுருக்கிக்கொள்கிறேன். என்னுடையதில் நான்காவது செல்லில் 2-ஆம் புள்ளி கொஞ்ச நாளாகச் சந்தேகமாக இருக்கிறது.

தேன்மொழி32

18 செல்லுக்கே எழுதி அனுப்பிவிட்டேன் அக்கா. உங்களுக்காக 2-ஆம் புள்ளி மட்டும் எழுந்து இறங்கும் வரிகளையும் கூடச் சேர்த்திருக்கிறேன். பிரெயில் ஆஸ்கியில் ஆங்கில எண் 1 என்றால் 2-ஆம் புள்ளி மட்டும், அதற்கு அடுத்த வரியில் ஏ. பிரஷ்ஷில் தொடங்குங்கள்.